மாவில்லாமல் சீஸைப் பொரிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: "மூன்று மாதமாக லோ கார்ப் உணவில் இருக்கிறேன். சோறு, சப்பாத்தி, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். மொறுமொறுப்பை மட்டும் விட முடியவில்லை. சீஸில் மாவுச்சத்து குறைவு என்கிறார்களே, அதைப் பொரித்துச் சாப்பிடலாமா? ஹோட்டலில் கிடைக்கும் சீஸ் ஸ்டிக், பனீர் 65 எல்லாம் கணக்கில் வருமா? வீட்டில் மாவு இல்லாமல் பொரித்துப் பார்த்தேன், வாணலி முழுக்க உருகி ஓடிவிட்டது. தொட்டுக்கொள்ள என்ன வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்."

சாப்பிடலாம். ஆனால் ஹோட்டலில் வருவதை அல்ல. உங்கள் வாணலியில் நடந்த விபத்தும் ஹோட்டல் தட்டில் இருக்கும் மாவும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். மொசரெல்லா உருகி ஓடும் சீஸ். அதை எண்ணெயில் போடவேண்டுமென்றால் சுற்றிலும் சுவர் கட்டியாக வேண்டும். அந்தச் சுவர்தான் மைதா, முட்டை, பிரெட் தூள். நீங்கள் சுவரை எடுத்துவிட்டு உருகும் சீஸை மட்டும் போட்டீர்கள், அது ஓடிவிட்டது. நானும் முதல் தடவை இதையேதான் செய்தேன். அடுப்பைத் துடைக்க அரைமணி நேரம் ஆனது. ஆகவே சுவருக்கு மாற்று மாவு தேடுவதற்கு முன்னால், சுவரே தேவைப்படாத சீஸ் எது என்று பாருங்கள். அப்படிப்பட்டவை இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது.

முதலில் மாவுக் கணக்கு. பெரும்பாலான சீஸ்களில் 100 கிராமுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்துதான். பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ், பால் திரியும்போது பிரியும் தண்ணீரோடு பெரும்பாலும் போய்விடுகிறது. மிச்சமிருப்பதைப் பாக்டீரியாக்கள் தின்றுவிடுகின்றன. அதனால்தான் பல மாதம் முதிரவைத்த செட்டார், பார்மசான் போன்றவற்றில் லாக்டோஸ் அநேகமாக இருப்பதில்லை. பனீரில் பாக்டீரியா வேலை கிடையாது. ஆகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அப்போதும் 100 கிராமுக்கு 5 கிராமைத் தாண்டுவது அரிது.

இப்போது சுவரின் கணக்கைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சோளமாவில், அதாவது நாம் கார்ன்ஃப்ளவர் என்று சொல்வதில், சுமார் 7 கிராம். மைதாவில் சுமார் 6. பிரெட் தூளில் எடையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பனீர் 65 ஒரு தட்டுக்கு மூன்று நான்கு கரண்டி கார்ன்ஃப்ளவர், மைதா, அரிசி மாவு எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள், சில இடங்களில் கடைசியில் இனிப்புச் சாஸும் ஊற்றுவார்கள். மாவுச்சத்தை மிகவும் குறைத்துச் சாப்பிடும் கீட்டோ முறையில் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளும் வரம்பு பொதுவாக 20 முதல் 50 கிராம். அதில் குறைந்தது பாதி அந்த ஒரு தட்டிலேயே போய்விடும். ஒருமுறை ஓர் உணவகத்தில் "கார்ன்ஃப்ளவர் வேண்டாம்" என்று பலமுறை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கொண்டுவந்து வைத்தவர், "கார்ன்ஃப்ளவர் போடலை சார், அரிசி மாவுதான்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, நான் கேட்ட விதம் அப்படி.

செக் நாட்டில் பொரித்த சீஸ் ஒரு முழுச் சாப்பாடு. ஸ்மாஜெனி சீர் என்பார்கள், செல்லமாக ஸ்மாஜாக். எடாம் சீஸைக் கட்டை விரல் கனத்துக்கு வெட்டி, மைதாவில் புரட்டி, முட்டையில் நனைத்து, பிரெட் தூளில் உருட்டிப் பொரித்து, டார்டார் சாஸோடும் உருளைக்கிழங்கோடும் வைப்பார்கள். உள்ளே இருக்கும் எடாமில் இரண்டு கிராம் மாவுச்சத்து இருந்தால் அதிகம். சுற்றியுள்ளதும் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து அதைப் பல மடங்காக்கிவிடுகின்றன. கிரேக்கர்களின் சாகனாகி இன்னும் நமக்குச் சாதகமானது. சாகனாகி என்பது இரண்டு கைப்பிடி வைத்த சிறிய வாணலியின் பெயர். கெஃபலோதிரி போன்ற கெட்டிச் சீஸை நீரில் நனைத்து, மாவைத் திருநீறு பூசுகிற மாதிரி லேசாகத் தடவி, வாணலியில் இருபுறமும் சிவக்கவைத்து எலுமிச்சை பிழிகிறார்கள். அதில் போவது ஒரு தேக்கரண்டி மாவுதான். சீஸ் நல்ல கெட்டியாக இருந்து வாணலியும் நன்றாகக் காய்ந்திருந்தால் அதுவும் இல்லாமல் ஒப்பேற்றலாம்.

சுவரே வேண்டாத சீஸுக்கு வருகிறேன். இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது சைப்ரஸ் தீவின் ஹலூமி. அங்கே துருக்கி மொழி பேசுபவர்கள் ஹெல்லிம் என்கிறார்கள். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. ஆட்டுப் பாலில், செம்மறி, வெள்ளாடு இரண்டும் கலந்து, செய்வது மரபு. இப்போது மாட்டுப் பாலும் நிறையவே சேர்க்கிறார்கள். திரைத்த பாலை அழுத்திக் கட்டியாக்கி, பிரிந்த அந்தத் தண்ணீரிலேயே திரும்பப் போட்டு, கொதிநிலைக்குப் பக்கத்தில் வேகவைக்கிறார்கள். அப்புறம் உப்பும் புதினாவும் வைத்து மடித்து உப்புநீரில் போட்டுவிடுவார்கள். இதைத் தோசைக்கல்லில் போட்டால் உருகாது. பழுப்பாகச் சிவக்கும், கடித்தால் பல்லில் கிறீச்சிடும்.

ஏன் உருகவில்லை? பாலின் முக்கியப் புரதமான கேசீனைக் கால்சியம்தான் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. மொசரெல்லாவிலும் செட்டாரிலும் புளிப்பேறும்போது அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதி கழன்றுவிடும். பிடி தளர்ந்துபோவதால் சூடு பட்டதும் புரதம் நழுவி ஓடுகிறது. ஹலூமியைப் புளிக்கவிடுவதில்லை, ஆகவே பிடி தளர்வதே இல்லை. பனீரின் கதை வேறு. அங்கே பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சையோ வினிகரோ விடுகிறோம். அந்தக் கொதியில் பாலின் மற்ற புரதங்களும் குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. சூடாக்கினால் இந்தக் கட்டு நெகிழாமல் இன்னும் இறுகுகிறது. வழி வேறானாலும் முடிவு ஒன்றுதான், வாணலியில் ஓடாது. நம் வீடுகளில் பால் திரிந்துபோனால் நஷ்டம், சகுனம் சரியில்லை என்று முகம் சுளிப்பார்கள். அந்தத் திரிந்த பால்தான் மாவு தேவைப்படாத, பொரிக்கத் தோதான சீஸ்.

ஹலூமி சென்னை, கோவை போன்ற ஊர்களின் பெரிய கடைகளில் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். உப்பும் அதிகம், 100 கிராமில் 2.5 முதல் 3 கிராம் வரை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தினசரிப் பண்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஆசைக்கு ஒருநாள் வாங்கினால், அரை விரல் கனத்துக்கு வெட்டி, துணியால் ஒற்றி, எண்ணெய் விடாமலேயே காய்ந்த கல்லில் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும், பதற வேண்டாம். அது வற்றியதும் சிவக்கும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். ஆறினால் ரப்பர்தான், ஆகவே கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு.

பனீர் விஷயத்தில்தான் நான் நிறையச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் ஊரில் பேலியோ, லோ கார்ப் என்று இருப்பவர்களில் சைவக்காரர்களின் முழுப் பாரமும் அதன் தலையில்தான்.

கடையில் வாங்குவதானால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். பால், புளிப்புக்கு ஏதாவது ஒன்று, அவ்வளவுதான் இருக்க வேண்டும். தாவர எண்ணெயும் பால்பவுடரும் சேர்த்துச் செய்த அனலாக் வகை பார்க்கப் பனீர் போலவே இருக்கும். சிலவற்றில் மாவும் இருக்கும். லூஸாக விற்கும் பனீரில் சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். நீலம் பூத்தால் மாவு சேர்ந்திருக்கிறது. சூடாக இருக்கும்போது விட்டால் நிறம் சரியாகத் தெரியாது, அதனால்தான் ஆறவிடச் சொல்கிறேன். அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

வீட்டில் செய்வது இதைவிட நிம்மதி. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள், கொழுப்பு 6 சதவீதம். நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான், அதில் செய்தால் பனீர் வறண்டு, பொரித்ததும் செருப்புத் தோல் ஆகிவிடும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் கிடைக்கும். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, ஒரு பெரிய எலுமிச்சையின் சாற்றில் கொஞ்சம் தண்ணீர் கலந்து சிறிது சிறிதாக விடுங்கள். பிரிந்த தண்ணீர் இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தால் போதும், மிச்சச் சாற்றை விட வேண்டாம். துணியில் வடிகட்டி, ஒருமுறை நீர்விட்டு அலசி, மேலே தண்ணீர் நிரப்பிய குக்கரை ஏற்றி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பிரிந்த தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று ரசத்தில் விடுவார்கள், அப்படியே குடிப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் லோ கார்ப்காரருக்கு அல்ல. ஒரு லிட்டர் பாலில் சுமார் 48 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அது எங்கே போனது என்று நினைக்கிறீர்கள்? பனீரில் இல்லையென்றால் அந்தத் தண்ணீரில்தான். முழுவதையும் நீங்கள் குடித்தால் 35, 40 கிராம் சர்க்கரை குடித்த மாதிரி. வீட்டில் சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்கு மாவு பிசையக் கொடுத்துவிடுங்கள்.

பொரிக்கும் முறையில் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. எல்லோரும் பனீரை மசாலாவில் ஊறவைத்துவிட்டுப் பொரிக்கிறார்கள். கோழிக்கு அது சரி. மாவு போடாத பனீருக்கு அதுவே எதிரி. மசாலாவில் இருக்கும் இஞ்சி பூண்டு விழுது, தயிர், எலுமிச்சை எல்லாம் ஈரம். ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்காது. அது வற்றுவதற்குள் மிளகாய்த்தூள் கருகிவிடும், பனீரும் உள்ளே இறுகிவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். முதல்நாள் இரவே பனீரை வெட்டி, மூடாமல் ஒரு தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே காய்ந்து லேசான தோல் கட்டியிருக்கும். மறுநாள் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, இரண்டு தேக்கரண்டி நெய்யோ கடலை எண்ணெயோ விட்டு, துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். அடுக்கியபின் கை சும்மா இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருப்பதைத் திருப்பியால் பெயர்க்கப் பார்த்தால் அந்தப் பொன்னிறத் தோல் கல்லோடு போய்விடும். சிவந்தால் தானே விட்டுக்கொடுக்கும். இரண்டு பக்கமும் ஆனதும் அடுப்பை அணைத்து, அந்தச் சூட்டிலேயே கறிவேப்பிலை, இடித்த மிளகு, சீரகத்தூள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுப் புரட்டுங்கள். எலுமிச்சை கடைசியில், தட்டில்.

முழுக்க மூழ்கப் பொரிக்க வேண்டுமென்றால் எண்ணெய் 175, 180 டிகிரியில் இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். சூடு குறைவாக இருந்தால் சிவப்பதற்குள் பனீர் உள்ளே இறுகிவிடும். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். உண்மையைச் சொன்னால் எனக்குத் தோசைக்கல் முறைதான் பிடிக்கும். எண்ணெயும் மிச்சம், தோலும் நன்றாக வரும்.

அப்புறம் மொசரெல்லாவும் செட்டாரும். இவை உருகும் சீஸ்கள் என்றேன். உருகாமல் தடுப்பது ஒரு வழி, முழுக்க உருகவிடுவது இன்னொரு வழி. இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஃப்ரியூலி என்ற பகுதியில் ஃப்ரிக்கோ என்று செய்கிறார்கள். மொந்தாசியோ என்ற உள்ளூர்ச் சீஸைத் துருவி வாணலியில் மெல்லியதாகத் தூவி, அது உருகி, குமிழ்விட்டு, தண்ணீரெல்லாம் போய் அப்பளம்போல் ஆகும்வரை விடுவது. உருளைக்கிழங்கு சேர்த்துச் செய்யும் மெத்தென்ற ஃப்ரிக்கோவும் உண்டு, அது நமக்கு வேண்டாம். உங்களுக்கு மொறுமொறுப்புதானே குறை? அதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது. மாவு இல்லை, எண்ணெய்கூட இல்லை, சீஸ் விடும் கொழுப்பிலேயே சீஸ் பொரிகிறது.

நம் கல்லில் செய்ய 30 கிராம் துருவிய சீஸ் போதும். பார்மசான் என்றால் தோல்வியே வராது, அதில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முதிர்ந்த செட்டார், கௌடா நன்றாக வரும். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்யும் கெட்டிச் சீஸ்களில் ஒன்று அகப்பட்டால் அதையும் முயன்று பாருங்கள். மொசரெல்லாவில் ஏறக்குறைய பாதி தண்ணீர், நேரம் பிடிக்கும், மொறுமொறுப்பும் அரை மனதாகத்தான் வரும். நான்-ஸ்டிக் கல்லில் அடை தட்டுகிற மாதிரி பரப்பி, மிதமான தீயில், குமிழிகளின் சத்தம் அடங்கும்வரை விடுங்கள். ஓரம் பழுப்பானதும் திருப்பி அரை நிமிடம். எடுக்கும்போது துணிபோல் துவளும், ஆறினால்தான் முறுகும். சூடாக இருக்கும்போதே ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்தினால் கிண்ணம் மாதிரி நிற்கும், உள்ளே முட்டைப் பொரியலோ காய்கறியோ வைக்கலாம். துருவி பாக்கெட்டில் வரும் பீட்ஸா சீஸ் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் பெரும்பாலும் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, "எனக்கு அந்த ஸ்டிக்தான் வேண்டும், கடித்தால் நூலாக இழுக்க வேண்டும்" என்றால் சுவர் கட்டத்தான் வேண்டும். தோல் நீக்கிய பாதாமின் பொடியும் துருவிய பார்மசானும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். மொசரெல்லா விரல்களை முட்டையில் நனைத்து இதில் புரட்டி, மறுபடி முட்டை, மறுபடி பொடி. பிறகு ஃபிரீசரில் குறைந்தது ஒரு மணி நேரம். இந்த இரண்டாம் பூச்சையும் ஃபிரீசரையும் தவிர்த்தால் பழைய விபத்துதான். நான்கைந்தாக, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் பொரித்து உடனே எடுங்கள். ஓட்டை விழுந்து சீஸ் எட்டிப்பார்த்தால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பாதாமுக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு போடலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். கூடாது. பொட்டுக்கடலையிலும் கடலை மாவிலும் புரதம் இருப்பது உண்மை, ஆனால் எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. எள்ளும் உலர்ந்த தேங்காய்த் துருவலும் சேர்க்கலாம், தேங்காய் சீக்கிரம் கருகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. மாவுச்சத்து இல்லை என்பதால் கணக்கே இல்லை என்று ஆகாது. 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 300 கலோரி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. எடை இறங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது என்று சொல்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சீஸையும் பாதாமையும் கொறித்துக்கொண்டே இருப்பார்கள். கொறிக்க அல்லாமல் ஒரு வேளையின் புரதமாகவே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு தட்டு கீரையோ வெள்ளரியோ இருக்கட்டும். சிலருக்கு இந்த உணவில் எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு ஏறும், ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால், நீங்கள் சொல்லவில்லை ஆனாலும் சொல்கிறேன், மாவுச்சத்தைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். சிலவகை மாத்திரைகளோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயமும் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, தொட்டுக்கொள்ள. தக்காளி கெட்சப் வேண்டாம், ஒரு மேசைக்கரண்டியில் 4, 5 கிராம் சர்க்கரை. இனிப்பு மிளகாய்ச் சாஸ் அதைவிட மோசம். புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், ஒரு துண்டு தேங்காய், எலுமிச்சை, உப்பு வைத்து அரையுங்கள். கெட்டியாக வரவேண்டும் என்று பொட்டுக்கடலை போடும் கையைக் கட்டுப்படுத்துங்கள், தேங்காயே போதும். ஹலூமிக்கும் பனீருக்கும் இதுதான் பொருத்தம். ஃப்ரிக்கோவுக்குத் தயிரை ஒரு மணி நேரம் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் நசுக்கிய பூண்டும் மிளகும் கலந்தால் நன்றாக இருக்கும். பாதாம் பூசிய மொசரெல்லாவுக்கு மட்டும் தக்காளி கேட்கும். இரண்டு பழத் தக்காளியைப் பூண்டோடு எண்ணெயில் சுருள வதக்கி, உப்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து மசித்துவிடுங்கள். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட வேண்டாம், தக்காளி வதங்கினாலே போதுமான இனிப்பு வரும்.